முள்ளில்லாத மீனில் மசாலா ஏன் ஒட்டுவதில்லை? வேலைநாள் இரவுக்கான மீன் வறுவல்

ஏழரை மணிக்கு வேலை முடிந்து வீடு திரும்பி, எட்டரைக்குள் சாப்பாடு எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது என்றும், அதற்காக முள் நீக்கிய மீன் துண்டுகளை வாங்கி வறுவல் மசாலா தடவிப் போட்டால், திருப்பும்போது மசாலா கல்லோடும் மீன் கரண்டியோடும் வந்துவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மிளகாய் கருகிக் கசப்பதாகவும், அப்படியிருந்தும் சில துண்டுகள் நடுவில் வேகாமல் இருப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். மசாலாவின் அளவை மாற்றிப் பார்ப்பதால் இது சரியாகாது. குறை உங்கள் கைப்பக்குவத்திலும் இல்லை. வேறொரு வகை மீன் துண்டுக்காக ஏற்பட்ட முறையை முள்ளில்லாத துண்டின் மேல் செய்து பார்ப்பதே காரணம்.

நம் வீடுகளில் வழக்கமாகச் செய்யும் வறுவல், நடுமுள்ளோடு குறுக்கே வெட்டிய வஞ்சரம் போன்ற துண்டுக்கு ஏற்றது. அதில் சுற்றிலும் தோல் இருக்கிறது, நடுவில் முள் இருக்கிறது. சதை வெந்து இளகினாலும் அந்த இரண்டும் அதைப் பிடித்துக்கொள்ளும். மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, புளி அல்லது எலுமிச்சை சேர்த்துக் குழைத்த மசாலாவை ஒரு மணி நேரம் ஊறவிட்டு, எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, இருபுறமும் நிதானமாகச் சிவக்க விடலாம். ஃபில்லட் என்று கடைகளில் விற்கும் துண்டோ மீனின் பக்கவாட்டுச் சதையை நீளவாக்கில் அப்படியே சீவி எடுத்தது. பெரும்பாலும் தோலும் இருக்காது. வெட்டுப்பட்ட பரப்பு முழுவதும் ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். வெந்ததும் இதழ் இதழாகப் பிரிந்துவிடும். இதன் மேல் ஈர மசாலாவைப் பூசினால், ஈரத்துக்கு மேல் ஈரம் என்றாகிவிடுகிறது. நீர் இருக்கும்வரை அந்தப் பரப்பின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. சிவந்து மணம் வருவதற்கு ஏறத்தாழ 140 டிகிரியாவது வேண்டும். மசாலாவின் நீர் முழுவதும் வற்றி அது சிவக்கத் தொடங்குவதற்குள் மெல்லிய துண்டு வெந்து உடைய ஆரம்பித்துவிடும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால், ஓரங்களில் சீக்கிரம் காய்ந்துவிட்ட மிளகாய்த்தூள் கருகும். நடுவில் கனமான பகுதியோ பச்சையாகவே நிற்கும். நீங்கள் சொன்ன மூன்று குறைகளும் இந்த ஒரே காரணத்தால் வருபவை.

ஆகவே இந்தத் துண்டுக்கு ஊறவைக்கும் மசாலா தேவையில்லை. கொரகொரப்பாக உடைத்த மசாலாவை ஒரு பக்கத்தில் மட்டும் அழுத்தி ஒட்ட வைத்து வறுக்கும் முறையே பொருந்தும். ஊறவைக்கும் நேரம் மிச்சமாவதால் வேலைநாள் இரவுக்கும் இது தோதானது.

முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் கனமும் ஓரளவு இறுகிய சதையும் உள்ள மீனே இதற்கு ஏற்றது. என் முதல் தேர்வு கொடுவா. அதன் சதை வெண்மையாக, பெரிய இதழ்களாக இருக்கும்; கவிச்சியும் குறைவு. வளர்ப்பு மீனாகவும் வருவதால், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் நடக்கும்போதும் தேடினால் கிடைக்கும். கடல் விரால், ஷீலா, பாறை ஆகியவையும் நன்றாக வரும். வஞ்சரத்தை முள்ளில்லாமல் சீவி வாங்கினால் சதை சீக்கிரம் வறண்டுவிடும் என்பதால், ஒரு நிமிடம் முன்னதாகவே இறக்கிவிட வேண்டும். அதை நடுமுள்ளோடு துண்டு போட்டுப் பழைய முறையில் வறுப்பதுதான் அதற்குச் செய்யும் மரியாதை என்பது என் எண்ணம். மத்தி, அயிலை போன்றவற்றை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சால்மன் மிக நன்றாகப் பொருந்தும். காட் மீனின் இதழ்கள் எளிதில் விலகுவதால் அதைத் திருப்பும்போது அகலமான தோசைத் திருப்பி அவசியம்.

உறைய வைத்த பாசா மீனைப் பலரும் வாங்குகிறார்கள். விலையும் குறைவு, முள்ளும் இல்லை. ஆனால் அது கல்லில் விடும் தண்ணீர்தான் பலருடைய வறுவலைக் கெடுக்கிறது. உறைய வைக்கும் துண்டுகளின் மேல் பனிப் பூச்சு ஏற்றுவதும், நீரைப் பிடித்து வைப்பதற்காகப் பாஸ்பேட் உப்புக் கரைசலில் நனைப்பதும் இத்தொழிலில் வழக்கமானவை. அந்த நீர் எங்காவது வெளியே வந்தே தீரும். காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே துண்டுகளை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, ஒரு சல்லடைத் தட்டில் பரப்பி, அடியில் கிண்ணம் வைத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டால் மாலைக்குள் உருகி, நீரும் வடிந்திருக்கும். வெந்நீரில் போட்டு அவசரமாக உருக்குவது கூடாது; வெளிப்புறம் குழைந்து, உட்புறம் கட்டியாகவே இருக்கும். பாசாவுக்கு உப்பையும் வழக்கத்தைவிடச் சற்றுக் குறைத்துப் போடுங்கள்.

நான்கு பேருக்கு ஏறத்தாழ 600 கிராம் மீன் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, துண்டுகளை அலசி, ஒரு மட்டத் தேக்கரண்டி தூள் உப்பையும் கால் தேக்கரண்டி மஞ்சள் தூளையும் இருபுறமும் தூவி வைப்பதுதான். அலசிய நீர் தெறித்த இடத்தையும் கையையும் உடனே கழுவிவிட வேண்டும். பிறகு உடை மாற்றுங்கள், அரிசியைக் களைந்து குக்கரில் வையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடங்களில் உப்பு சதையிலிருந்து நீரை வெளியே இழுத்திருக்கும். மேற்பரப்பில் வியர்த்தது போல் துளிகள் நிற்கும். அந்த நீரை மெல்லிய பருத்தித் துணியாலோ காகிதத் துண்டாலோ ஒற்றி எடுத்துவிட வேண்டும். துடைக்கக் கூடாது, அழுத்தி ஒற்ற வேண்டும். ஒற்றிய பின் விரலால் தொட்டால் சதை வழுக்கக் கூடாது, விரலில் லேசாகப் பசை போல் ஒட்ட வேண்டும். இந்தப் பதம்தான் இம்முறையின் பாதி. இங்கே இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்தால் பின்னால் கல்லில் எதைச் செய்தும் அதைச் சரிக்கட்ட முடியாது. ஒற்றும்போதே தலைப் பக்கத்திலிருந்து வால் பக்கமாக ஒரு முறை விரலை ஓட்டிப் பாருங்கள். ஃபில்லட் என்று விற்றாலும் விலா வரிசையில் சில மெல்லிய முட்கள் தங்கியிருப்பதுண்டு. அவற்றை இடுக்கியால் பிடித்து, முள் சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுத்தால் சதை கிழியாமல் வந்துவிடும். எலுமிச்சையை இந்தக் கட்டத்தில் பிழிய வேண்டாம். புளிப்பு சதையை வெளிப்புறத்தில் இறுக்கி இன்னும் நீரை வெளியேற்றும். அதன் இடம் சாப்பாட்டுத் தட்டுதான்.

இனி மசாலா. இரண்டு மேசைக்கரண்டி கொத்தமல்லி விதை, இரண்டு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சோம்பு, அரைத் தேக்கரண்டி சீரகம் ஆகியவை போதும். பெரும்பாலான குறிப்புகள் இவற்றைச் சிவக்க வறுத்து அரைக்கச் சொல்லும். இந்த முறைக்கு அது தவறு என்றே சொல்வேன். மேலே ஒட்டிய மசாலா எண்ணெயில் நேரடியாக மூன்று நான்கு நிமிடம் பொரியப் போகிறது. அதன் வறுபடல் அங்கேதான் நடக்க வேண்டும். முன்கூட்டியே சிவந்துவிட்ட மல்லி இரண்டாம் முறை வறுபடும்போது கசப்புக்குப் போய்விடும். நிறம் மாறாமல், கை பொறுக்கும் அளவுக்குச் சூடு காட்டினால் போதும். அதுவும் ஈரப்பதம் போய் எளிதில் உடைய வேண்டும் என்பதற்காகத்தான்.

உடைக்கும் பதம் முக்கியமானது. ஒரு மல்லி விதை மூன்று நான்காக உடைந்திருக்க வேண்டும், தூளாகிவிடக் கூடாது. சிறிய உரலில் இடிப்பது சிறந்தது. மிக்சி என்றால் விட்டுவிட்டு இரண்டு மூன்று சுற்று மட்டும். எப்படி உடைத்தாலும் கொஞ்சம் தூள் சேர்ந்தே வரும் என்பதால், உடைத்ததை ஒரு டீ வடிகட்டியில் போட்டுத் தட்டுங்கள். கீழே இறங்கும் மென்தூளைத் தனியே வைத்து, அதோடு ஒரு தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூளைக் கலந்து, ஒற்றி வைத்த மீனின் மேல் நேரடியாகத் தூவித் தேய்த்துவிடுங்கள். சல்லடையில் தங்கிய கொரகொரப்பில் ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவைப் பிசறி வையுங்கள். எளிதில் கருகக்கூடிய தூள்கள் சதையை ஒட்டிப் பாதுகாப்பாக அடியில் இருக்கின்றன. கருகத் தாமதமாகும் பெரிய துணுக்குகள் மட்டும் எண்ணெயைத் தொடுகின்றன. காரமும் நிறமும் மிளகாயிலிருந்து கிடைக்கும், கருகிய கசப்பு வராது. அரிசி மாவு துணுக்குகளுக்கு இடையே கசியும் ஈரத்தை உறிஞ்சி மொறுமொறுப்பைத் தரும். இதற்கு மேல் மாவைக் கூட்டினால் பஜ்ஜி ஆகிவிடும். நீங்கள் கேட்டது அதுவன்று.

ஒட்டுவதற்கு ஒரு பிடிப்பு வேண்டும். முட்டையின் வெள்ளைக் கருவை நுரைக்காமல் முள்கரண்டியால் இழைபோக அடித்து, மீனின் ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லிதாகத் தடவுவது எனக்குத் தெரிந்தவற்றுள் மிகச் சிறந்த வழி. சூடு பட்டதும் அது கெட்டிப்பட்டு, மீனையும் மசாலாவையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். நான்கு துண்டுகளுக்கு ஒரு முட்டையின் வெள்ளைக் கருவே மிஞ்சும். முட்டை வேண்டாதவர்கள் ஒரு மேசைக்கரண்டி சோள மாவை அதே அளவு தண்ணீரில் கரைத்துத் தடவலாம். கெட்டித் தயிரும் பிடிக்கும். ஆனால் பாலின் சர்க்கரை அதில் இருப்பதால் சீக்கிரம் சிவந்துவிடும், தீயில் கவனம் தேவை. மீனும் தயிரும் சேரக் கூடாது என்று எண்ணும் வீடுகளில் இந்த யோசனை எடுபடாது. வங்காளத்தில் தயிரில் வேகவைத்த மீன் விருந்துச் சாப்பாடு என்பதை அவர்களிடம் சொல்லிப் பார்க்கலாம்.

மசாலாவை ஒரு தட்டில் பரப்பி, வெள்ளைக் கரு தடவிய பக்கத்தைக் கீழாக வைத்து உள்ளங்கையால் அழுத்தி எடுங்கள். எந்தப் பக்கத்தில் ஒட்டுவது என்பதற்கும் கணக்கு உண்டு. தோல் இருந்த பக்கம் சூட்டில் சுருங்கும். தோலோடு இருந்தால் இன்னும் அதிகமாகச் சுருங்கி மசாலாவை உதறிவிடும். ஆகவே முள் இருந்த பக்கத்தில், அதாவது மேடாக இருக்கும் பக்கத்தில் ஒட்டுங்கள். இருபுறமும் ஒட்ட வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். இரண்டாம் பக்கம் கல்லில் இருக்கும்போது, ஏற்கெனவே மொறுமொறுப்பான முதல் பக்கம் மேலே இருந்தால்தான் நீராவியில் ஊறாமல் நிற்கும். கீழ்ப்பக்க மசாலாவோ பரிமாறும் தட்டிலேயே மீனின் நீரில் நனைந்து சொதசொதவென்று ஆகிவிடும். ஒட்டிய பின் மசாலா மேலே இருக்கும்படி ஐந்து நிமிடம் வைத்தால் பிடிப்பு உறுதியாகும். அந்த நேரத்தில் வெங்காயத்தை நறுக்கிக்கொள்ளலாம்.

கல்லைப் பொறுத்தவரை, நன்றாகப் பழகிய இரும்புத் தோசைக்கல் அல்லது வார்ப்பிரும்பு வாணலி இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் நான்ஸ்டிக் வாணலியும் குறையில்லை. கடலை எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றி நடுத்தரத் தீயில் காயவிடுங்கள். எண்ணெய் பதத்துக்கு வந்ததா என்பதை மசாலாவே சொல்லும்: உடைத்த மல்லித் துணுக்கு ஒன்றைப் போட்டால் அதைச் சுற்றி உடனே நுண்குமிழிகள் எழ வேண்டும், ஆனால் அது கறுக்கக் கூடாது. போட்ட நொடியில் கறுத்தால் எண்ணெய் மிஞ்சிக் காய்ந்துவிட்டது. கல்லை அடுப்பிலிருந்து அரை நிமிடம் தள்ளி வையுங்கள். தேங்காய் எண்ணெயின் மணம் விரும்புபவர்கள் கடலை எண்ணெயோடு பாதிக்குப் பாதி கலக்கலாம். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் மட்டும் என்றால் சீக்கிரம் புகைய ஆரம்பித்துவிடும்.

மசாலாப் பக்கத்தைக் கீழாக வைத்துத் துண்டை உங்களிடமிருந்து விலகும் திசையில் சாய்த்து இறக்குங்கள். எண்ணெய் உங்கள் மேல் தெறிக்காது. முதல் பத்து நொடிகள் திருப்பியால் லேசாக அழுத்திப் பிடியுங்கள். அதற்குப் பிறகு கையை எடுத்துவிட வேண்டும். வறுவல் கெடுவதில் பாதி இந்த இடத்தில்தான் நடக்கிறது: ஒட்டிக்கொண்டதோ என்ற பயத்தில் துண்டை நகர்த்துவோம், இன்னும் கெட்டிப்படாத மசாலா கல்லோடு நின்றுவிடும். மூன்று நிமிடத்தில் மசாலா கெட்டிப்பட்டு, நாம் ஒன்றும் செய்யாமலே கல்லை விட்டு விலகும். ஓரத்தில் திருப்பியின் முனையை நுழைத்துப் பாருங்கள். தடை இருந்தால் இன்னும் நேரம் வரவில்லை என்று பொருள். ஒரே நேரத்தில் கல்லை நிறைக்காதீர்கள். இரண்டு இரண்டாகப் போட்டால்தான் வெளியேறும் நீராவிக்கு வழி இருக்கும். மூடியும் போடக் கூடாது.

எப்போது திருப்புவது என்பதற்குக் கடிகாரத்தைவிடத் துண்டின் பக்கவாட்டைப் பார்ப்பது நம்பகமானது. கண்ணாடி போன்ற பச்சைச் சதை கீழிருந்து மேலாக வெள்ளையாகிக்கொண்டே ஏறும். அந்த வெண்மை கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஏறியதும் திருப்பிவிடலாம். பெரும்பாலான வேலையை மசாலாப் பக்கத்திலேயே முடித்துவிடுகிறோம். மறுபக்கத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் போதும். ஓர் அங்குலக் கனத்துக்கு மொத்தம் பத்து நிமிடம் என்று சமையல் நூல்களில் காணும் கணக்கைச் சூடான கல்லில் அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு சென்டிமீட்டர்த் துண்டுக்கு ஐந்தாறு நிமிடமே ஆகும். கனமான இடத்தில் முள்கரண்டியை நுழைத்து லேசாகத் திருகினால் இதழ்கள் விலக வேண்டும். நடுவில் கண்ணாடி போன்ற கோடு தெரியக் கூடாது. வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்லும் அளவு 63 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டி நெடுநேரம் விட்டால் துண்டின் பக்கங்களில் வெள்ளை வெள்ளையாகப் பால்கட்டி போன்ற ஒன்று பிதுங்கும். அது கெட்டுப்போனதன் அடையாளமன்று, சதையின் புரதம் நீரோடு வெளியேறி உறைந்தது. மீன் வறண்டுகொண்டிருக்கிறது என்பதற்கான எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வால் பக்கத்து மெல்லிய பகுதியை முதலிலேயே தனியாக வெட்டி, கடைசியில் போட்டு எடுத்தால் நடுப்பகுதி வேகாத சிக்கலும் வராது.

இறக்கிய துண்டை மசாலா மேலாக இருக்கும்படி கம்பித் தட்டில் வையுங்கள். காகிதத்தின் மேல் கவிழ்த்தால் அதுவரை பட்ட பாடு வீணாகும்.

மசாலாவைக் கருக்கியே சமைக்கும் முறையும் உலகில் உண்டு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் 1979-ல் உணவகம் திறந்த பால் ப்ருதோம் என்ற சமையற்கலைஞர், ரெட்ஃபிஷ் என்ற கடல்மீனின் துண்டை உருக்கிய வெண்ணெயில் தோய்த்து, மிளகாய், மிளகு, பூண்டுத்தூள், தைம் என்ற மூலிகை இலை முதலியவை கலந்த பொடியில் புரட்டி, புகையும் வார்ப்பிரும்புக் கல்லில் போட்டெடுத்துப் புகழ்பெற்றார். அந்த உணவின் மேல் எழுந்த மோகத்தில் மெக்சிகோ வளைகுடாவின் ரெட்ஃபிஷ் மீன்வளம் நெருக்கடிக்கு உள்ளாகி, 1980களின் பிற்பகுதியில் அமெரிக்க நடுவண் அரசின் கடற்பகுதியில் அதைப் பிடிக்கத் தடை வரும் அளவுக்குப் போனது. ருசியானதுதான், ஆனால் பெரிய புகைபோக்கி உள்ள உணவகத்துக்கு ஏற்ற சமையல் அது. அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒற்றை ஜன்னல் சமையலறையில் மிளகாயை அப்படிப் புகைய விட்டால் பக்கத்து வீட்டார் இருமிக்கொண்டே கதவைத் தட்டுவார்கள்.

மங்களூர்ப் பக்கத்து ரவை வறுவல் இதற்கு நல்ல மாற்று. அரிசி மாவுக்குப் பதில் இரண்டு மேசைக்கரண்டி ரவையும் மசாலாவில் பாதியும் கலந்தால் காரம் குறைந்து மொறுமொறுப்பு கூடும். ஏர் ஃப்ரையரில் செய்வதென்றால் மசாலாவின் மேல் எண்ணெயைத் தாராளமாகத் தெளித்து, 200 டிகிரியில் எட்டு முதல் பத்து நிமிடம் வையுங்கள். திருப்ப வேண்டியதில்லை. மணம் கல்லில் வருவதற்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

உங்கள் ஒரு மணி நேரத்தில் இதற்குச் செலவாவது அரை மணிதான். உப்புப் போட்டு வைத்ததும் குக்கர், மீனை ஒற்றியதும் மசாலா, மசாலா ஒட்டியதும் வெங்காயம், குக்கரின் ஆவி அடங்கும்போது கல்லில் மீன் என்று வரிசைப்படுத்திக்கொண்டால் எல்லாம் சூடாகவே தட்டுக்கு வரும். இதற்குத் துணையாகக் குழம்பு வேண்டாம், மசாலா ஊறிவிடும். மிளகு ரசமோ நெய் விட்ட பருப்புச் சாதமோ போதும். எலுமிச்சையை மீனின் மேல் பிழியாமல் வெங்காயத்தில் பிழிந்து பக்கத்தில் வையுங்கள். கொரகொரப்பு மசாலாவை மட்டும் ஞாயிற்றுக்கிழமையே மூன்று மடங்காக உடைத்து, அரிசி மாவு சேர்க்காமல், காற்றுப் புகாத புட்டியில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் மணம் குன்றாது.

குழந்தைகளுக்குக் காரம் ஆகாது என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். அவர்களுடைய துண்டுக்கு மிளகையும் மிளகாய்த்தூளையும் விட்டுவிட்டு, மல்லியோடு ஒரு தேக்கரண்டி வெள்ளை எள்ளைச் சேர்த்து ஒட்டுங்கள். எள் மல்லியைவிடச் சீக்கிரம் சிவக்கும், ஆகவே தீயை ஒரு படி குறைத்து, அந்தத் துண்டுகளையே கல்லில் முதலில் போட்டு எடுத்துவிடுங்கள். மிளகாய் பட்ட எண்ணெயில் பிறகு போட்டால் காரம் அதில் ஏறிவிடும். மீந்த துண்டுகளை மறுநாள் சுடவைத்தாலும் மொறுமொறுப்பு திரும்பாது. உதிர்த்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் தாளித்துப் புட்டாகக் கிளறினால், மேலே இருந்த மசாலாவே அதற்கும் போதும்.